எச்சில் பட்ட சாமி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சாமி பக்தி கிடையாது. கோயிலுக்குப் போனால் வாசலில் விட்ட செருப்பைப் பற்றித்தான் கவலையாக இருக்கும். கோபமும் எனக்கு மூக்குக்கு மேல் வரும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள். இப்போது எந்த ஊரிலிருந்து எழுதுகிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் பெயர் பகலவன். நைனார்பாளையம். ஜேசிபி ஓட்டுகிறேன். அப்பா போன பிறகு என்னை வளர்த்தது அண்ணன் தீனதயாளன்தான். பன்னிரண்டு வயதில் சித்தாள்களோடு கலவை சுமக்கப் போனவர், கொத்தனாராகி, எனக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து வண்டியில் ஏற்றிவிட்டார். தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு போன் பண்ணி, "சோறு துன்னியாடா?" என்று கேட்பார். அதற்கடுத்த கேள்வி பெண் பார்ப்பது பற்றித்தான் இருக்கும். முப்பத்திரண்டு வயதாகியும் நான் ஏன் பிடிகொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தார்.

போன மார்கழியில் வெள்ளிமலைக்கு அப்பால் ஓடக்காட்டூர் என்ற சின்ன ஊருக்கு ரோடு போடும் வேலைக்குப் போனேன். ஊருக்கு முன்னால் ஓர் ஓடை. அதன் குறுக்கே பாலம் மாதிரி ஒரே ஒரு நீளக் கல் பலகை கிடந்தது. யார் போட்டது, எப்போது போட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. ஊர் மொத்தமும் அதை மிதித்துத்தான் காட்டுக்கும் கடைக்கும் போய் வந்தது. அந்தக் கல்மேல்தான் போன் டவர் கிடைக்கும். ஆகவே நானும் தினம் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவேன், பேசுவேன், கத்துவேன். சின்னசேலத்துக்காரன் ஒருவன், மூன்று வருஷமாக என் உயிராக இருந்தவன், தை மாதம் தன் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அன்றைக்கு அந்தக் கல்மேல் குந்தி, லுங்கியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

மாசியில் ஓடைக்குச் சிறுபாலம் கட்ட வேண்டியிருந்தது. ஒரு நாள் காலை பதினொரு மணிவாக்கில் பக்கெட்டின் பல்லைக் கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். கல் வந்தது. புரட்டிக் கரையில் போட்டேன். அடிப்பக்கம் வெயிலைப் பார்த்து மல்லாந்தது. அதில் ஓர் ஆளைச் செதுக்கியிருந்தார்கள். கையில் வில், இடுப்பில் குத்துவாள், மார்பில் மூன்று அம்பு. முகம் மட்டும் தேய்ந்து மொழுக்கென்று இருந்தது.

விறகுக்கட்டோடு வந்த காசியம்மாள் கட்டை அப்படியே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஊரில் எனக்குச் சோறு பொங்கிக் கொடுப்பவள் அவள்தான்.

"அடி ஆத்தே, வேடியப்பன்! இத்தினி நாளா சாமியவா மெதிச்சிகினு போனோம்!"

மாடுகளை ஓட்டிக்கொண்டு போன எதிரிகளைத் துரத்தி, மாட்டை மீட்டு, அம்பு பட்டுச் செத்த வீரனுக்கு அந்தக் காலத்தில் கல் நடுவார்கள். எங்கள் பக்கம் அந்தக் கல்லைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். காசியம்மாள் ஊரைக் கூட்ட ஓடினாள். நான் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன்.

கல் கிடந்த இடத்தில், முழங்கால் தண்ணீரில், ஒருவன் உட்கார்ந்திருந்தான். குப்புறப் படுத்திருந்தவன் இப்போதுதான் எழுந்த மாதிரி முகமெல்லாம் சேறு. இடுப்பில் கந்தல். என் வயதுதான் இருக்கும். முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, ஒரு குத்துக்காயத்திலிருந்து ரத்தம் வழிந்து ஓடையில் கலந்துகொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"பகலவா, சோறு துன்னியாடா?"

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "யார்றா நீ? எம் பேரு உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கத்தினேன்.

"தெனம் என் தல மேல உக்காந்துகினுதானே பேசுற. தெரியாம இன்னா?" என்றான். பிறகு, "வலிக்குதுடா," என்றான். அந்தக் குரலில் விளையாட்டே இல்லை.

இதற்கு மேல் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். வெள்ளிமலைக்கு ஜீப் மறுநாள் காலையில்தான். கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் என் தகரக் கொட்டகையில் உட்கார வைத்தேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவினேன். மஞ்சள்தூளை நல்லெண்ணெயில் குழைத்துக் காயத்தில் அப்பினேன். கந்தலை உருவிப் போட்டுவிட்டு, மாமன் மகன் கல்யாணத்துக்கென்று வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்த வேட்டியைக் கட்டிவிட்டேன். காசியம்மாள் கொடுத்தனுப்பிய சாமைச் சோற்றை இலையில் போட்டு அவன் முன்னால் வைத்தேன். அவன் தின்று முடிக்கும் வரை நான் தொடவில்லை. அடிபட்டு வந்தவனுக்கு எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்வோம். எந்த வீட்டிலும் இப்படித்தான் செய்வார்கள்.

மறுநாள் காலையில் ரத்தம் நின்றிருந்தது. ஜீப்பில் ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "மஞ்சளே போதும்," என்றான்.

பெயர் சேந்தன் என்றான். ஊராரிடம், சேலத்திலிருந்து வந்த ஹெல்ப்பர் என்று சொல்லி வைத்தேன். யாரும் சந்தேகப்படவில்லை. அவன் பேச்சும் அவர்கள் பேச்சாகவே இருந்தது. எத்தனையோ தலைமுறையாக மேலே நடந்து போனவர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டுப் படித்த பேச்சு அது. ஆம்பிளைகள் பேசாமல் நடப்பார்களாம், பெண்கள்தான் பேசிக்கொண்டே போவார்களாம். அதனால் வசவெல்லாம் அவனுக்குப் பெண்கள் வசவுதான் வந்தது. என்னை "கட்டையில போறவனே" என்று அவன் திட்டும்போது எனக்குச் சிரிப்பு தாங்காது. காலடிச் சத்தத்தை வைத்தே ஊரில் எல்லாரையும் சொல்லுவான். யார் கடனுக்குப் பயந்து சுற்றுவழியில் போனார்கள், யார் யாரை நினைத்துக் கல்மேல் நின்று தயங்கினார்கள், எல்லாம் தெரியும்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச்சரிவில் சாமைத்தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் சட்டென்று, "நீ அழுத பாரு, அன்னிக்கு எனக்குக் கை இல்ல," என்றான். "இருந்திருந்தா கல்லுக்கு அடியிலேந்து உன் காலயாவது புடிச்சிருப்பேன்."

என் முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் எனக்கு இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த நிமிஷமே அவன் முகத்தைப் பிடித்து முத்தம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால் பின்னால் நடந்தது எதுவுமே நடந்திருக்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "டீ போடட்டுமா?" என்று கேட்டேன். என்னை மாதிரி ஒரு மடையன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

டீ ஆறுவதற்குள் அவனிடம் கேட்டேன். "யாரு குத்துனது? மாட்டுக்குச் சண்ட போட்டு செத்தன்னு ஊர் சொல்லுது. அப்போ அம்பு மார்ல இல்ல இருக்கணும்?"

"மாட்ட யாரும் ஓட்டிகினு போகல. அன்னிக்கு மாடெல்லாம் பட்டியில படுத்து அச போட்டுகினு இருந்துச்சி."

"கல்லுல மூணு அம்பு இருக்குதே?"

"கல்லு வெட்டுனவன்கிட்ட அப்படிச் சொன்னாங்க, வெட்டுனான்." டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "எனக்கு ஒருத்தன் இருந்தான், பகலவா. உன்னாட்டமே கோவக்காரன். அது வூட்டுல தெரிஞ்சி பூடுச்சி. என்னைக் குத்திப் போட்டுட்டு, ஊரு கேக்கக் கூடாதுன்னு சாமியாக்கிட்டாங்க."

"அவன்?"

"ஓடிட்டிருப்பான்னு நெனச்சிகினு இருக்கேன். அப்படியே நெனச்சிகினு இருந்துட்டுப் போறேன், வுடு."

யார் குத்தினது என்பதை மட்டும் சொல்லவில்லை. எத்தனை முறை கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவான்.

நான் மேலும் மேலும் கவனித்துக்கொண்டேன். காலையில் வெந்நீர், பிறகு மஞ்சள், பிறகு முதல் இலை அவனுக்கு. அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் தனி இலை போடுவேன். ராத்திரி அவன் பாயில் படுத்தால் நான் மூன்று முழம் தள்ளி வெறுந்தரையில் படுப்பேன். மனசு முழுக்க அவன்மேல்தான் இருந்தது. கையைப் பிடிக்கக்கூட யோசித்தேன். பயம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்ததால் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் அவன் விரல்கள் மடங்கவில்லை. எட்டாம் நாள் உச்சி வெயிலில் அவன் தோளைத் தொட்டால் சில்லென்று இருந்தது. வாதம் என்று நினைத்து நான் இன்னும் ஜாஸ்தியாக எண்ணெய் தேய்த்தேன். பத்தாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. ஆனால் காயம் இருந்த இடமே தெரியாமல் மூடிவிட்டது.

அதே நாள் ஊர் கூடி, மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே கல்லை நடுவதென்று முடிவு செய்தது. சோறு வாங்கக் காசியம்மாள் வீட்டுக்குப் போனேன். ஊர்க்கவுண்டர் பச்சமுத்து, ஊருக்குப் பெரியவர், அங்கே உட்கார்ந்து பந்தலுக்கு யார் யார் மூங்கில் வெட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார்.

"கல்ல நட்டா போதும்ங்களா, வேற ஏதாச்சும் பண்ணணும்ங்களா?" என்று சும்மாதான் கேட்டேன்.

"நட்டா மட்டும் சாமி எறங்குமா தம்பி?" என்றாள் காசியம்மாள். "தண்ணி ஊத்திக் கழுவணும். மஞ்சளும் எண்ணெயும் பூசணும். கோடித் துணி கட்டணும். மொத எலச் சோறு அவருக்குப் படைக்கணும். இந்த நாலும் பண்ணாத்தான் கல்லுக்குள்ள வருவாரு."

என் கையிலிருந்த தூக்குவாளி நழுவிவிட்டது. அவள் ஏதோ திட்டினாள். எனக்குக் காதில் விழவில்லை. அந்த நாலையும் நான் பத்து நாளாகச் செய்துகொண்டிருந்தேன். கல்லுக்கு அல்ல, அவனுக்கே செய்துகொண்டிருந்தேன். ஒருத்தனைப் பிரியமாகப் பார்த்துக்கொள்வதற்கும் சாமியாக்குவதற்கும் எங்கள் ஊரில் ஒரே சாமான்தான், ஒரே வரிசைதான். இது எனக்கு உறைக்கவே இல்லை.

"எறங்கின சாமி பூடாதுங்களா?" என்று கேட்டேன்.

"எச்சி பட்டா பூடும்," என்றார் பச்சமுத்து. "கடிச்சத வெச்சிட்டாலோ, வாய வெச்சிட்டாலோ, அந்த நிமிசமே கல்ல வுட்டுப் பூடுவாரு. அதுக்குத்தான் படைக்கிற பொம்பளைங்க வாயில துணியக் கட்டிகினு பொங்குறது."

கொட்டகைக்கு ஓடினேன். சேந்தன் பாயில் நீட்டிப் படுத்திருந்தான். கண் மட்டும்தான் சுலபமாக அசைந்தது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை.

"ரெண்டாம் நாளே தெரிஞ்சி பூடுச்சி," என்றான்.

"அடப்பாவி! ஏன்டா சொல்லல?"

"சொன்னா மஞ்ச வெக்கிற கைய எடுத்துடுவியே."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. பாயருகே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். அவன் மெதுவாகப் பேசினான். உதடு இழுபட்டது.

"மறுக்கா நட்டுட்டா நின்னுகினே இருக்கணும்டா. எல்லாரும் கையெடுத்துக் கும்புடுவாங்க. ஒருத்தனும் தொட மாட்டான். கீழ கெடந்ததே தேவல, நாலு பேர் காலாவது மேல பட்டுச்சி."

"இப்பவே எச்சி வெச்சிடுறேன்," என்றேன்.

"வெச்சா மஞ்ச பண்ணது எல்லாம் பூடும். காயமும் தெறந்துக்கும். அது ஒரு நாழி தாங்குற காயம் இல்ல." என்னையே பார்த்தான். "பரவால்ல. மனுசனா செத்துட்டுப் போறேன். ஆனா செய்யி. வுட்டுடாத."

நான் கணக்குப் போட்டேன். காயம் திறந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி பக்கத்திலேயே நிற்க வேண்டும். வண்டி இல்லாமல் எச்சில் வைப்பது அவனைக் கொல்வதற்குச் சமம். மறுநாள்தான் ஞாயிற்றுக்கிழமை. நடுவது மத்தியானம் பன்னிரண்டுக்கு என்று சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் நடந்தே வெள்ளிமலைக்குப் போய், தெரிந்த ஜீப்காரரிடம் கெஞ்சி, மூச்சுப் பிடித்துக் கிளப்பிக்கொண்டு பத்தரைக்கெல்லாம் திரும்பினேன்.

ஊருக்குள் நுழையும்போதே பம்பைச் சத்தம் கேட்டது. பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்குகிறது என்று முன்னாலேயே நட்டுவிட்டார்கள்.

கொட்டகையில் பாய் காலியாக இருந்தது. ஓடைக்கரைக்கு ஓடினேன். கல் நிமிர்ந்து நின்றது. மஞ்சளும் எண்ணெயும் பளபளத்தன. இடுப்பில் புது வேட்டி கட்டியிருந்தார்கள். நேற்று வரை மொழுக்கென்றிருந்த கல்லில் முகம் வந்திருந்தது. சேந்தனின் முகம், அந்தப் புருவம், கீழுதட்டில் அந்தச் சின்ன வடு. ஊரே மெய்சிலிர்த்துக் கிடந்தது. "மூஞ்சி தெரியுது பாரு, சாமி எறங்கிட்டாரு!" என்று பெண்கள் குலவை போட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் போன்களைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. மறைக்க மாட்டேன். நான் நினைத்தது சேந்தனை அல்ல, அண்ணனைத்தான். இது அவர் போனுக்குப் போக எத்தனை நேரம் ஆகும் என்று யோசித்தேன். திரும்பிப் போய்விடலாம், கல்லாக இருந்தாலும் இங்கேயேதானே இருப்பான், வாரா வாரம் வந்து பார்த்துக்கொள்ளலாம், காயமும் வலிக்காது என்றெல்லாம் மனசு நியாயம் பேசியது. நல்ல நியாயம்தான். அவனைக் குத்திவிட்டுக் கல் நட்டவர்களும் இதைத்தான் பேசியிருப்பார்கள்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். படையல் இலையிலிருந்து ஒரு கவளம் சாமைச் சோற்றை எடுத்து, என் வாயில் போட்டுக் கடித்து, மிச்சத்தைக் கல்லின் உதட்டில் அப்பினேன்.

பம்பை நின்றது. "டேய், இன்னாடா பண்ற!" என்று பச்சமுத்து அலறினார். நாலு பேர் பாய்ந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். முதுகில் அடி விழுந்தது. சட்டை கிழிந்தது. எச்சில் ஒட்டுவதற்குள் சோறு கல்லிலிருந்து உதிர்ந்து கீழே விழுந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. கல் கல்லாகவே நின்றது.

எனக்கு வெறி வந்துவிட்டது. பிடித்திருந்தவன் கையைக் கடித்து உதறிவிட்டு ஓடிப் போய்க் கல்லைக் கட்டிப்பிடித்தேன். "சேந்தா, உன்னக் கும்புட மாட்டேன்டா, வாடா!" என்று கத்திக்கொண்டு அவன் வாயில் என் வாயை வைத்தேன். ஊர் பார்க்க, பதினைந்து போன் பார்க்க வைத்தேன். அடி தலையில் விழுந்தது. எடுக்கவில்லை. உப்பும் மஞ்சளும் கசப்பும் நாக்கில் ஒட்டின. பிறகு உதடு சுட்டது. பிறகு அது அசைந்தது.

கல்லின் பின்பக்கம் போட்டிருந்த என் கைகள் ஈரமாயின. எடுத்துப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் சிவப்பு.

அடித்தவர்கள் பின்வாங்கினார்கள். சேந்தன் முழு எடையோடு என் மேல் சரிந்தான். அவனுக்குப் பின்னால் கல் நின்றது, ஒரு கோடுகூட இல்லாமல் வழவழவென்று. பச்சமுத்து தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் அசைந்தவள் காசியம்மாள்தான். தோளில் கிடந்த துண்டை உருவிக் காயத்தில் வைத்து அழுத்தினாள்.

"பாத்துகினே நிக்கிறீங்களே, எழவெடுத்தவனுங்களா! சாமியோ மனுசனோ, ரத்தம் போவுதுடா! தூக்குங்கடா!"

மலையிறங்கும் வழியெல்லாம் அவன் தலை என் மடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு அவனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். "கட்டையில போறவனே, சும்மா வாடா," என்று ஒரு முறை முனகினான். அதைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது.

கள்ளக்குறிச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டுத் தையல் போட்டார்கள். நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், அதில் ஒன்று என்னுடையது. ஆதார் கேட்டார்கள், தொலைந்துவிட்டது என்றேன். நோயாளிக்கு நீங்கள் யார் என்று நர்சம்மா கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. "நான்தான் கூட இருக்கேன்," என்றேன். அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

குத்துக்காயம் என்பதால் மறுநாள் ஏட்டையா ஒருவர் நோட்டோடு வந்தார். என்மேல்தான் அவருக்குச் சந்தேகம்.

"யாருப்பா குத்துனது? பயப்படாம சொல்லு."

"எங்கண்ணன்," என்றான் சேந்தன்.

ஏட்டையா ஆர்வமாகிவிட்டார். "அவன் இப்ப எங்க?"

"செத்துட்டாரு."

"எப்போ?"

"ரொம்ப நாளாச்சிங்க."

ஏட்டையா நோட்டை மூடி, "தல கில அடிபட்டிருக்குதா பாக்கச் சொல்லு," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலைதான் போனை உயிர்ப்பித்தேன். வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றி முடித்திருந்தது. மாமன், சித்தப்பா, எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த புரோக்கர் வரைக்கும் அனுப்பியிருந்தார்கள். அண்ணனிடமிருந்து நாற்பத்தியொரு மிஸ்டு கால். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்திரண்டாவது வந்தது. எடுத்தேன்.

"பகலு, சோறு துன்னியாடா?"

நான் கெட்டது அந்தக் கேள்வியில்தான். விக்கி விக்கி அழுதேன்.

"அழுவாதடா. எனக்குக் கோவம்லாம் ஒண்ணும் இல்ல. ஊரு ஆயிரம் பேசும், உன்ன வளத்தவன் நானு. எந்த ஆஸ்பத்திரி? அந்தப் புள்ளயும் அங்கதான் இருக்குதா? இருங்க, நான் தனியாவே வரேன். உக்காந்து பேசிக்கலாம்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சேந்தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பலாக இருந்தது. கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"கெளம்பு," என்றான்.

"எங்கண்ணன் உங்கண்ணன் மாதிரி இல்ல," என்றேன். "என்னைப் பெத்தவர் மாதிரி அவரு. உனக்கு இன்னா தெரியும்?"

"எதுவும் தெரியாது. நெசமாவே நல்லவரா இருக்கலாம். நீ இருந்து பாக்கணும்னா இருக்கேன், பகலவா. உன்ன வுட்டு ஓட மாட்டேன். ஆனா எனக்கு நடுங்குது, பாரு." கையை நீட்டினான்.

அந்தக் கையைப் பார்த்த பிறகு என்னால் வாதாட முடியவில்லை. பின்வாசல் வழியாகக் கூட்டிவந்து ஆட்டோ பிடித்தேன். சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் போனால் ஏதாவது ஒரு ரயில் கிடைக்கும். நைனார்பாளையத்திலிருந்து வருகிறவரும் அதே ரோட்டில்தான் வர வேண்டும் என்பது பாதி தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஸ்பீடு பிரேக்கர். ஆட்டோ மெதுவாக ஏறியது. எதிரே அண்ணனின் பைக்கும் மெதுவாக ஏறியது. இரண்டு கை தூரம்கூட இல்லை. சொன்ன மாதிரியே தனியாகத்தான் வந்தார். மூன்று நாள் தாடி. கண் வீங்கியிருந்தது. சுண்ணாம்பு பட்ட அதே வேலைச் சட்டை. ஹேண்டிலில் ஒரு கட்டைப்பை தொங்கியது, கனமாக. எங்களைக் கவனிக்கவில்லை, ரோட்டையே பார்த்து வந்தார்.

அந்தப் பையில் ஃபிளாஸ்க்கும் பிரெட்டும் இருக்கும். சத்தியமாக இருக்கும், அவர் அப்படித்தான். "அண்ணா" என்று கூப்பிடத் தலையை வெளியே நீட்டினேன்.

சேந்தன் என்னைத் தடுக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்.

"எங்கண்ணனும் தனியாத்தான் வந்தாரு. எனக்குப் புடிக்கும்னு மடியில தெனை மாவு கட்டிகினு வந்தாரு. பக்கத்துல உக்காந்து, அழுதுகினே, எல்லாத்தையும் எனக்கு ஊட்டி வுட்டாரு. அப்புறந்தான் குத்துனாரு."

அண்ணன் கடந்து போனார். நான் கூப்பிடவில்லை.